'லூசில்' எழுதியவரும் தாது வருஷத்து வைஸ்ராயும்

நீங்கள் கேட்டது இது: வீட்டில் பழைய பெட்டியொன்றில் 'லூசில்' என்ற ஆங்கிலக் கவிதை நூல் கிடைத்திருக்கிறது. ஆசிரியர் பெயர் ஓவன் மெரிடித் என்று அச்சாகியிருக்கிறது. அது லிட்டன் பிரபுவின் புனைபெயர் என்று எங்கோ படித்தீர்கள். தாது வருஷப் பஞ்சத்தின்போது (1876–78) இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த அதே லிட்டன்தானா? அப்படியானால் இந்த நூலைப் படிக்கலாமா, இந்தப் பிரதிக்கு ஏதாவது மதிப்பு உண்டா? கேள்விகள் பல இருந்தாலும் உங்களை உறுத்துவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். காதலையும் தியாகத்தையும் இப்படி உருகி எழுதிய கை, பஞ்சத்தில் அடிபட்ட மக்களின் கூலியைக் குறைக்கும் கொள்கைக்கு எப்படித் துணை நின்றது?

முதலில் சந்தேகமே இல்லாத செய்தி. இருவரும் ஒருவரே. எட்வர்ட் ராபர்ட் புல்வர்-லிட்டன் 1831 நவம்பர் 8 அன்று லண்டனில் பிறந்தார். அப்பா எட்வர்ட் புல்வர்-லிட்டன் அந்தக் காலத்தில் புகழ்பெற்ற நாவலாசிரியர், பிறகு காலனிகள் துறை அமைச்சராகவும் இருந்தவர். அப்பாவின் பெயரோடு குழப்பம் வராமல் இருக்க மகன் ஓவன் மெரிடித் என்ற பெயரில் எழுதினார். இங்கிலாந்தின் ஹாரோ பள்ளியிலும் ஜெர்மனியின் பான் நகரிலும் படித்துவிட்டு, பதினெட்டு வயதில் வாஷிங்டனில் தூதராக இருந்த பெரியப்பாவுக்கு உதவியாளராகப் போனார். அதன்பின் ஃபிளாரன்ஸ், பாரிஸ், வியன்னா, லிஸ்பன் என்று ஏறத்தாழ கால் நூற்றாண்டு தூதரக வேலை. ஃபிளாரன்ஸில் இருந்த நாட்களில் ராபர்ட் பிரவுனிங், எலிசபெத் பாரெட் பிரவுனிங் தம்பதியோடு நெருங்கிப் பழகினார். 'லூசில்' வெளிவந்தது 1860இல், அவருக்கு இருபத்தெட்டு வயதாக இருந்தபோது. இந்தியா அவர் வாழ்வில் வருவது அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து. ஆகவே பஞ்சத்தைப் பற்றி இந்த நூலில் எதையும் தேட வேண்டாம்.

கதை ஒரு கடிதத்தோடு தொடங்குகிறது. பிரெஞ்சுப் பெண்ணான லூசில் த நெவர், முன்பு தன்னைக் காதலித்துப் பிரிந்துபோன ஆங்கிலேயப் பிரபு ஆல்ஃபிரட் வார்கிரேவுக்கு எழுதுகிறாள்: நீ மிஸ் டார்ஸியைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகக் கேள்விப்படுகிறேன், என் பழைய கடிதங்களை நேரில் வந்து உன் கையாலேயே திருப்பிக் கொடு. அவன் பிரனீஸ் மலைப்பகுதியில் அவளைப் பார்க்கப் போகிறான். பார்த்ததும் பழைய காதல் மீண்டும் பற்றிக்கொள்கிறது. அங்கே அவளை விரும்பும் இன்னொருவர் இருக்கிறார், லூவ்வா கோமகன். அவருடைய சூழ்ச்சியாலும் ஆல்ஃபிரடின் அவசரத்தாலும் இருவரும் மறுபடி பிரிகிறார்கள். ஆல்ஃபிரட் மாட்டில்டா டார்ஸியையே மணக்கிறான். இரண்டாம் பாகம் சில ஆண்டுகள் கழித்து ஜெர்மனியின் எம்ஸ் நகரில் நடக்கிறது. பழிவாங்கும் எண்ணத்தோடு லூவ்வா மாட்டில்டாவை வளைக்கப் பார்க்கிறார். லூசில் குறுக்கே நின்று தான் இழந்தவனின் குடும்பத்தைக் காப்பாற்றுகிறாள். கடைசியில் கிரிமியப் போர்முனை. லூசில் இப்போது செராஃபின் என்ற பெயரோடு காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்யும் கன்னியாஸ்திரி. ஆல்ஃபிரடின் மகனும் லூவ்வாவின் உறவுப் பெண்ணும் காதலிக்கிறார்கள், தளபதியாகிவிட்ட லூவ்வா மறுக்கிறார். அந்த முடிச்சை அவிழ்ப்பவளும் லூசிலே.

அமைப்பைச் சொன்னால் இது செய்யுளில் எழுதிய நாவல். இரண்டு பாகங்கள், பாகத்துக்கு ஆறு காண்டங்கள். அடிகள் இரண்டிரண்டாக இயைபு பெற்று ஓடும். ஒவ்வோர் அடியிலும் இரண்டு மெல்லசைக்குப் பின் ஒரு வல்லசை என நான்கு முறை வரும். நம் வாய்க்கு 'தனனா தனனா தனனா தனனா' என்று வைத்துச் சொல்லிப் பார்த்தால் ஓட்டம் பிடிபடும். (ஆங்கிலத்தில் இது அழுத்தத்தால் அமைவது, நமக்கோ மாத்திரையால். அதனால் இந்த வாய்பாடு காதுக்கு மட்டுமே உதவும், அலகிட உதவாது.) இந்தச் சந்தம் குதித்தோடும் இயல்புடையது. உரையாடலுக்கும் நையாண்டிக்கும் நன்றாகப் பொருந்துகிறது. துயரம் வரும் இடத்தில் காலை வாரிவிடுகிறது. போர்முனையில் ஒருவன் சாகும் தறுவாயில் கிடக்கும்போதும் அடி துள்ளிக்கொண்டே போனால் என்ன ஆகும்? நூலின் பெரிய பலவீனம் இதுதான் என்பது என் கணிப்பு. பாத்திரங்களின் மனத்தைக் காட்டவேண்டிய இடங்களில் கதைசொல்லி நின்று அறிவுரை சொல்லத் தொடங்கிவிடுவது இரண்டாவது. முதல் பாகத்தில் விடுதிகளின் பேச்சு, மலைப்பாதைச் சவாரி, ஆல்ஃபிரடின் உறவினன் ஜானின் கிண்டல் ஆகியவை இன்றும் உயிரோடு இருக்கின்றன. அந்த மேல்தட்டு உலகத்தைத் தூதரக விருந்துகளில் அருகிருந்து பார்த்தவரின் எழுத்து அது.

கதை முழுவதும் அவருடைய சொந்தக் கற்பனை அன்று. பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் சாண்ட் 1830களில் எழுதிய 'லாவினியா' என்ற குறுங்கதையில் இதே தொடக்கம் இருக்கிறது: பிரனீஸ் மலை, கல்யாணம் நிச்சயமான ஆங்கிலேயன், கடிதங்களைத் திருப்பிக் கேட்கும் பழைய காதலி, அவளை விரும்பும் பிரெஞ்சுப் பிரபு. சாண்டின் கதையில் அவள் இருவரையும் மறுத்துவிட்டுப் போய்விடுகிறாள், கதை அங்கே முடிகிறது. லிட்டன் அதற்கு மேல் எம்ஸையும் கிரிமியாவையும் கட்டினார். முதல் பாகத்தின் எலும்புக்கூடு சாண்டினுடையது என்பதை இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் யாரும் மறுக்க முடியாது. அதைத் திருட்டு என்பதா, தழுவல் என்பதா என்பதில்தான் அன்றிலிருந்து கருத்து வேறுபாடு. மூலத்தை அவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கவேண்டும் என்பது என் எண்ணம். 1861இல் செர்பிய நாட்டுப்பாடல்கள் என்று அவர் வெளியிட்ட தொகுப்பும் செர்பிய மூலத்திலிருந்து நேராக வந்ததன்று, பிரெஞ்சு மொழிபெயர்ப்பின் வழியாக வந்தது என்று கண்டிக்கப்பட்டது. ஆக, இது ஒருமுறை நேர்ந்த சறுக்கல் மட்டும் இல்லை.

இங்கிலாந்தில் ஓரளவே எடுபட்ட இந்த நூல் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு நுழைந்தது. காரணம் பாதி கதையின் கவர்ச்சி, பாதி சட்டம். 1891 வரை வெளிநாட்டு எழுத்தாளருக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை கிடையாது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், ஆசிரியருக்கு ஒரு காசு தரவேண்டியதில்லை. கிறிஸ்துமஸுக்கும் பிறந்தநாளுக்கும் இளம்பெண்களுக்குக் கொடுக்கும் பரிசு நூலாக இதை விதவிதமான அட்டைகளில் போட்டுத் தள்ளினார்கள். 1860 முதல் 1938 வரை ஏறத்தாழ 100 அமெரிக்கப் பதிப்பகங்கள் குறைந்தது 2,000 பதிப்புகளும் மறுஅச்சுகளுமாக வெளியிட்டதாக இதற்கென்றே தொகுத்த பட்டியல் ஒன்று கணக்கிடுகிறது.

இனி வைஸ்ராய் லிட்டன். பிரதமர் டிஸ்ரேலி அவரைத் தேர்ந்தெடுத்தபோது அவர் லிஸ்பனில் தூதர். இந்திய ஆட்சியில் எந்த அனுபவமும் இல்லை, அதை அவரே சொல்லவும் செய்தார். 1876 ஏப்ரலில் பதவி ஏற்றார். அந்த ஆண்டு பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணம், மைசூர், ஹைதராபாத், பம்பாய் மாகாணத்தின் தென்பகுதி எல்லாம் வறண்டன. அடுத்த ஆண்டும் நிலைமை தேறவில்லை. ரயில் பாதை இருந்தது, தானியமும் நாட்டில் இருந்தது. வாங்கும் சக்திதான் மக்களிடம் இல்லை. சென்னை அரசு தொடக்கத்தில் தானே ரகசியமாகத் தானியம் வாங்கி வைத்தபோது இந்திய அரசு அதை ஏற்கவில்லை. விலையைக் குறைக்கும் நோக்கில் அரசு எவ்வகையிலும் தலையிடக்கூடாது, சந்தை தானாகத் தானியத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் என்பது லிட்டன் எழுதி வைத்த கொள்கை. இதே மாதங்களில்தான் டெல்லியில் 1877 ஜனவரி 1 அன்று விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவித்த தர்பாரும் நடந்தது. அதன் அலங்காரங்களையும் சடங்குகளையும் வைஸ்ராயே ஆர்வத்தோடு திட்டமிட்டார்.

தர்பார் முடிந்த கையோடு சர் ரிச்சர்ட் டெம்பிள் பஞ்சப் பிரதிநிதியாகத் தெற்கே அனுப்பப்பட்டார். இவர் 1874இல் பீகார்ப் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துச் சாவுகளைப் பெருமளவு தடுத்தவர். அதற்குப் பாராட்டுக் கிடைக்கவில்லை, பணத்தை வாரி இறைத்தார் என்ற கண்டனமே கிடைத்தது. இந்த முறை சிக்கனத்தைக் காட்டியே தீர்வது என்று வந்தார். நிவாரண வேலையில் ஓர் ஆணுக்கு நாள் கூலியாக ஒரு ராத்தல் (ஒரு பவுண்டு, ஏறத்தாழ 450 கிராம்) தானியமும் ஓர் அணாவும் போதும் என்று வைத்தார். பெண்களுக்கும் வேலை செய்யும் சிறுவர்களுக்கும் அதைவிடக் குறைவு. வேலையோ நாள் முழுக்க மண் வெட்டுவதும் கல் உடைப்பதும். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்து எழுதினார்: கடின உழைப்புக்குக் குறைந்தது ஒன்றரை ராத்தல் தானியம் வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும், இல்லாவிட்டால் உடல் தன்னையே தின்னத் தொடங்கும். லிட்டன் டெம்பிளின் பக்கம் நின்றார். எதிர்ப்பு வலுத்தபின் 1877 மார்ச்சில் சென்னை அரசு கூலியை ஒன்றேகால் ராத்தலும் கொஞ்சம் பருப்புமாக உயர்த்தியது. கார்னிஷ் கேட்டதில் பாதி தூரம்தான் அது. அதற்குள் பலருடைய உடம்பு தேறமுடியாத நிலைக்குப் போயிருந்தது. அப்படி நலிந்தவர்களை வயிற்றுப்போக்கும் காலராவும் அள்ளிக்கொண்டு போயின.

இறந்தவர் தொகையில் ஒரே கணக்கு கிடையாது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேல் என்பதைப் பின்னால் வந்த பஞ்சக் கமிஷனே ஒப்புக்கொண்டது. சமஸ்தானங்களையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் சிலர் ஒரு கோடியை நெருங்குகிறார்கள். மக்கள்தொகைக் கணக்கில் இதன் தடம் அப்பட்டமாகத் தெரிகிறது. 1871ஐவிட 1881இல் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை மூன்று லட்சத்துக்கும் அதிகமாகக் குறைந்திருந்தது. அவர்கள் அனைவரும் இறந்தவர்கள் என்று கொள்ள முடியாது, வெளியேறியவர்களும் பிறக்காமல் போன குழந்தைகளும் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள்.

'லூசில்' நூலில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஓர் இடம் உண்டு. கவிதையும் இசையும் ஓவியமும் இல்லாமல் வாழ்ந்துவிடலாம், மனச்சாட்சி இல்லாமலும் வாழ்ந்துவிடலாம், நண்பர்களோ புத்தகங்களோ இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சமைத்துப் போட ஆள் இல்லாமல் நாகரிக மனிதனால் வாழ முடியாது என்று போகும் அடிகள். உண்ணாமல் வாழக்கூடிய மனிதன் எங்கே இருக்கிறான் என்ற கேள்வியோடு அந்தப் பகுதி முடிகிறது. இந்த அடிகளையும் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாக நிற்கும் மக்களின் புகைப்படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது யாருக்கும் நெஞ்சு கொதிக்கும். ஆனால் அதை ஒரு விளக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது காதலைவிடச் சாப்பாடு முக்கியம் என்று கதைசொல்லி விளையாட்டாகச் சொல்லும் இடம். பசியை அறிந்தவனின் வரி இல்லை, நல்ல சாப்பாட்டை அறிந்தவனின் வரி.

லிட்டன் கனவில் மிதக்கும் கவிஞர், ஆட்சி நடத்தத் தெரியவில்லை, அதனால்தான் பஞ்சம் இவ்வளவு பேரைக் கொன்றது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பஞ்சக் கொள்கை பற்றி அவர் எழுதிய குறிப்புகளைப் படித்தால் தெளிவான, நறுக்குத் தெறித்த உரைநடை. செய்வது என்ன என்று தெரிந்தே செய்திருக்கிறார். தானிய வணிகத்தில் தலையிடாமை அன்று லண்டனிலும் கல்கத்தாவிலும் படித்த அதிகாரிகள் பெரும்பாலோர் வேதவாக்காக நம்பிய பொருளாதாரம். நிதி உறுப்பினர் ஜான் ஸ்ட்ரேச்சியும் அப்படியே நம்பினார். ஆப்கானிஸ்தான்மீது ஒரு கண் வைத்திருந்த அரசுக்குக் கஜானாவைக் காப்பது அவசரமாகவும் இருந்தது. பழியைக் கவிதையின்மேல் போட்டால் இந்தக் கொள்கை தப்பித்துவிடும், அதை வகுத்த மற்றவர்களும் தப்பித்துவிடுவார்கள்.

கவிஞர் எட்டிப் பார்க்கும் இடமும் ஒன்று உண்டு, அது கடிதங்களில். 1877 கோடை முடிவில் சென்னைக்கு வந்து நிவாரண முகாம்களைப் பார்த்தவர், அங்கே மக்கள் வேலையின்றிக் கொழுத்து உல்லாசமாகக் கூடியிருப்பதாகத் தம் மனைவிக்கு எழுதினார். விடுதிகளையும் விருந்துகளையும் வருணித்துப் பழகிய அதே சாமர்த்தியமான கை. கண்முன் இருந்ததை ஒரு வேடிக்கைச் சித்திரமாக்கிவிட்டது. எனக்கு அவருடைய எழுத்தில் மன்னிக்க முடியாத வரி என்றால் இதுதான்.

அவருக்குச் சாதகமாகச் சொல்லவேண்டியதையும் மறைக்கக்கூடாது. ஆக்ராவில் ஃபுல்லர் என்ற ஆங்கில வழக்கறிஞர் தம் குதிரைக்காரரை அடித்து அவர் இறந்துபோனார். தண்டனை முப்பது ரூபாய் அபராதம். 1876இல் லிட்டன் இதை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார், இந்தியாவிலிருந்த வெள்ளையர்கள் அவர்மேல் பாய்ந்தார்கள், பின்வாங்கவில்லை. 1878இல் அவர் அமைத்த பஞ்சக் கமிஷனின் அறிக்கையிலிருந்துதான் பின்னாளைய பஞ்ச நிவாரண விதிகள் பிறந்தன. அதே 1878இல்தான் இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் ஆயுதச் சட்டமும் வந்தன, ஆப்கான் போரும் தொடங்கியது. பஞ்சத்துக்கென ஒதுக்கிய காப்பு நிதி போருக்குத் திருப்பப்பட்டதா என்பதில் அன்றைய விமர்சகர்களும் அரசும் மோதிக்கொண்டார்கள், இன்றும் வரலாற்றாளர்கள் அதில் ஒருமனதாக இல்லை. 1880இல் டிஸ்ரேலி தேர்தலில் தோற்றதும் லிட்டன் விலகினார். பின்னர் பாரிஸில் தூதராக இருந்து 1891 நவம்பரில் அங்கேயே இறந்தார். அவருடைய மகள் எமிலிதான் பிற்பாடு தியாசபி என்னும் பிரம்மஞான இயக்கத்தில் சேர்ந்து ஜே. கிருஷ்ணமூர்த்தியை மகன்போல் பேணியவர். இன்னொரு மகள் கான்ஸ்டன்ஸ் பெண்கள் வாக்குரிமைக்காகச் சிறை சென்றவர்.

இப்போது உங்கள் பிரதி. நூலைப் பார்க்காமல் நான் விலை சொல்ல முடியாது, ஆனால் காலத்தை நீங்களே கணிக்கலாம். முதல் பதிப்பு என்றால் லண்டன், சாப்மன் அண்ட் ஹால், 1860. வேறு எது இருந்தாலும் அது முதல் பதிப்பு இல்லை. 1868இல் ஜார்ஜ் டு மோரியேயின் படங்களோடு வந்த பதிப்பும் பார்க்க அழகானது. அமெரிக்கப் பிரதியானால் தலைப்புப் பக்கத்தின் அடியில் உள்ள பதிப்பகப் பெயரைப் பாருங்கள். ஒரே பாஸ்டன் நிறுவனம் பெயர் மாறிக்கொண்டே வந்தது: டிக்னர் அண்ட் ஃபீல்ட்ஸ் என்றால் 1868க்கு முன், ஃபீல்ட்ஸ் ஆஸ்குட் என்றால் 1868 முதல் 1870 வரை, ஜேம்ஸ் ஆர். ஆஸ்குட் என்றால் பெரும்பாலும் 1870கள், ஹௌட்டன் ஆஸ்குட் என்றால் 1878 முதல் 1880 வரை, ஹௌட்டன் மிஃப்ளின் என்றால் அதற்குப் பின். குரோவெல், ஆல்ட்டமஸ், ஹர்ஸ்ட், பர்ட் போன்ற பெயர்கள் இருந்தால் நூற்றாண்டின் கடைசியில் வந்த மலிவுப் பரிசுப் பதிப்பாகத்தான் பெரும்பாலும் இருக்கும். பல மலிவுப் பதிப்புகளில் ஆண்டே இருக்காது. தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தில் பதிப்புரிமை ஆண்டு இருந்தால் அதை அச்சிட்ட ஆண்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கவிதைக்கு அங்கே உரிமை இல்லை, அந்த ஆண்டு படங்களுக்கோ அமைப்புக்கோ உரியது, அதே ஆண்டை வைத்துப் பத்திருபது வருடம் அச்சிட்டிருப்பார்கள். படங்களை லென்ஸில் பாருங்கள். நுண்ணிய புள்ளிகள் தெரிந்தால் 1890களை ஒட்டியோ அதற்குப் பின்னரோ வந்தது. முன்பக்க வெற்றுத்தாளில் யாராவது தேதியிட்டு அன்பளிப்பாக எழுதியிருந்தால் அதுதான் நம்பகமான சான்று, நூல் அந்தத் தேதிக்கு முன் அச்சானது உறுதி.

பஞ்சு வைத்துத் தைத்த தோல் அட்டை, தங்கமுலாம் ஓரம் எல்லாம் இருந்தாலும் பெரும்பாலான அமெரிக்கப் பிரதிகளுக்குச் சந்தையில் மிகக் குறைந்த விலைதான், ஏனென்றால் அவ்வளவு கிடைக்கின்றன. அட்டை தந்தம்போல வழவழப்பாக இருந்தால் செல்லுலாய்டாக (பழங்காலப் பிளாஸ்டிக்) இருக்கலாம். அது எளிதில் தீப்பற்றும், பழசாகும்போது அமில வாடை விட்டுப் பக்கத்திலுள்ள நூல்களையும் கெடுக்கும். அதைத் தனியாக, காற்றோட்டமுள்ள குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். தோல் செம்பொடியாக உதிர்ந்தால் எண்ணெய் தடவாதீர்கள், கறை தாளுக்குள் இறங்கிவிடும். அமிலமில்லாத தாளில் சுற்றினால் போதும். பிளாஸ்டிக் உறை வேண்டாம், நம் ஊர் ஈரப்பதத்தில் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

படிக்கலாமா என்றால், படிக்கலாம். முதல் பாகத்தின் முதல் மூன்று காண்டங்களை வாய்விட்டுப் படியுங்கள், கண்ணால் மேய்ந்தால் சந்தம் அலுப்பாகிவிடும். பிடித்தால் மேலே போகலாம், பிடிக்காவிட்டால் நேராகக் கடைசிக் காண்டத்துக்குப் போய்க் கிரிமியாவைப் படித்துவிட்டு மூடிவிடலாம், கதை புரியும். தலைப்புப் பக்கத்தின் அடியில் இருக்கும் பதிப்பகப் பெயரையும் முகவரியையும், பின்பக்கத்தில் இருக்கும் எழுத்துகளையும் அப்படியே எழுதி அனுப்பினால் காலத்தை இன்னும் நெருக்கிச் சொல்கிறேன்.